ஓய்மானாட்டுக்கு ஓர் ஆற்றுப்படை



சிறு நகரங்களில் தொடங்கப்பெறும் இலக்கிய மன்றங்கள் பல, மூன்றாம் ஆண்டு விழா அழைப்பிதழை அச்சிடுமுன்னரே ஓய்ந்துவிடுதல் உண்டு. பத்தாம் ஆண்டை எட்டிய மன்றம் பாராட்டுக்குரியது. பாராட்டோடு ஒரு கடமையையும் இவ்விழாவில் எண்ணிப் பார்த்தல் தகும். அக்கடமை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தொன்மைச் சின்னங்களைப் பற்றியது.

வழியில் உள்ள ஊர்கள்

விழுப்புரத்தைக் கடந்து செல்லாத தமிழர் மிகச் சிலர். விழுப்புரத்தைப் பார்ப்பதற்கென்றே வந்து இறங்கியவர் அதனினும் சிலர். தெற்கே செல்லும் புகைவண்டிகள் இங்கே நின்று செல்கின்றன. 1879ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை இங்கிருந்து பிரிகிறது. திண்டிவனத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் மரக்காணத்துக்கும் வந்தவாசிக்கும் சாலைகள் பிரியும் ஊர் என்பதே அதற்கு வாய்த்த பெயர். இரண்டும் வேறெங்கோ செல்வோர்க்கு வழியில் அமைந்த ஊர்களாகவே எண்ணப்படுகின்றன.

வெளியூரார் அவ்வாறு எண்ணுவதில் தீங்கில்லை. உள்ளூராரும் அவ்வாறே எண்ணத் தொடங்கியதுதான் வருந்தத்தக்கது. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் தஞ்சைக்கும் மாமல்லபுரத்துக்கும் சுற்றுலாச் செல்கின்றனர். தம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மண்டகப்பட்டு உண்டென்பதை அவர்களுட் பலர் அறியார். இவ்வட்டாரக் கவிஞர்களின் தொகுதிகளைப் புரட்டினாலும் வைகையும் காவிரியும் பாய்கின்றன. பம்பையாறும் சங்கராபரணியும் அரிதாகவே தென்படுகின்றன.

வழியூர் என்பது குறைவான பெயரா? தமிழில் வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனை நிறுத்தி, இன்ன வழியே செல்க, இன்ன ஊரில் தங்குக, இன்ன வள்ளலைக் காண்க என்று சொல்வது அது. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளுள் ஒன்றன் களம், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இந்நிலமே.

சிறுபாணன் சென்ற வழி

நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன், ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடன். புறநானூற்றில் புறத்திணை நன்னாகனாரும் இவனைப் பாடியுள்ளார். பாணன் செல்ல வேண்டிய வழியாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகியவை கூறப்படுகின்றன. கிடங்கில் நல்லியக்கோடனின் ஊராகப் பேசப்படுகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கல் என்றும் அறிஞர் கொள்வர்.

நத்தத்தனாரின் வழிகாட்டல் எத்துணை நுட்பமானது என்பதைக் கவிஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். முல்லை நிலத்து வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும். நிலம் மாற உணவு மாறுகிறது, சமைப்பவரும் மாறுகின்றனர். மரக்காணக் கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளைக் கண்ட புலவர்க்கு உறங்கும் ஒட்டகம் நினைவுக்கு வருகிறது. பரதவர் வீட்டுப் பெண்கள் அக்கட்டைகளையே விறகாக எரிக்கின்றனர். அக்கரையில் நின்று பார்த்தவர்க்கே வாய்க்கக்கூடிய உவமை அது.

அந்நூலில் இரண்டு இடங்கள் இன்றும் நெஞ்சை உலுக்க வல்லவை. ஒன்று, பாணனின் அடுக்களை. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத முலையைப் பற்ற, தாய்நாய் வலி பொறாது குரைக்கிறது. கூரை இற்று விழுகிறது; சுவரில் காளான் பூத்திருக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, அயலார் காணாதபடி கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு வாங்கவும் வகையற்ற அந்த வீட்டுப் பாணனுக்குச் சொல்லப்பட்ட வழியில் உள்ள மரக்காணம், இன்று தமிழகத்தின் பெயர் பெற்ற உப்பளப் பகுதிகளுள் ஒன்று.

மற்றொன்று, புலவரின் துணிவு. சேரரின் வஞ்சியையும் பாண்டியரின் மதுரையையும் சோழரின் உறந்தையையும் வரிசையாகப் பாடி, நல்லியக்கோடனின் கொடைக்கு முன் அவை மூன்றும் சிறியவையே என்று அவர் முடிக்கிறார். மூவேந்தர் தலைநகரங்களைச் சொல்லிவிட்டு ஒரு குறுநில மன்னனின் ஊரை உயர்த்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவ்வுரம் கொண்ட புலவரால் பாடப்பெற்ற நிலத்தில் வாழ்வோர், தம் ஊரைச் சொல்ல நாணுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

கிடங்கில் பாடப்பெற்ற ஊர் மட்டுமன்று, பாடியவர்களின் ஊருமாகும். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார் ஆகிய இருவர் பாடல்கள் நற்றிணையில் உள்ளன. கிடங்கில் குலபதி நக்கண்ணனார் பாடல் குறுந்தொகையில் உள்ளது. காவிதி என்பது அரசர் வழங்கிய பட்டம். ஊர்ப்பெயரைத் தம் பெயர்க்கு முன் அணிந்து சென்ற மூவரால், அவ்வூர் ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் நூல்களில் வாழ்கிறது.

மாதையும் எண்ணாயிரமும்

இனி, நத்தத்தனார் வகுத்த முறையிலேயே, விழுப்புரத்தில் புறப்பட்டுத் திண்டிவனம் நோக்கி ஒரு வழி காட்டலாம். முதலில் எதிர்ப்படுவது திருவாமாத்தூர். தேவார மூவரும் பாடிய தலம். பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயில் கொண்டுள்ளார்.

இவ்வூரைக் கலம்பகமாகப் பாடியவர் இரட்டைப்புலவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் நடவாதவர். பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமக்க, தோளில் இருந்தவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் கோயில் அமைந்த கரையை அவர்கள் மாற்றிப் பாடிவிட்டனர் என்றும், கேட்டோர் குறை கூற, அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது என்றும் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது.

இக்கதை புலவரின் வாக்குக்கு ஏற்றம் தருவதற்காகச் சொல்லப்படுவது. எனினும் அதற்குள் மற்றொரு செய்தியும் உள்ளது. இரட்டையர் பாட்டைக் கேட்ட ஊரார் தம் கோயில் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை அறிந்திருந்தனர்; தவறு நேர்ந்ததும் தயங்காமல் சுட்டிக்காட்டினர். தம் ஊரைத் தெரிந்த மக்கள் இருந்தமையால்தான் அக்கதைக்கே இடம் பிறந்தது. இன்றைய கவிஞர் ஒருவர் கரையை மாற்றிப் பாடினால் குறை சொல்ல யார் உளர் என்பது எண்ணத்தக்கது.

திருவாமாத்தூருக்கு மற்றொரு புலவர் தொடர்பும் உண்டு. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1839இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். தமிழகம் முழுவதும் தலந்தோறும் சென்று பாடியவர். இறுதியில் இவ்வூரில் கௌமார மடம் நிறுவி, 1898இல் இங்கேயே மறைந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைச் செய்யுளில் தொகுத்துப் புலவர் புராணம் என்னும் நூலை இயற்றியவர் அவர். புலவர்களை மறவாதிருந்த அப்புலவரின் சமாதி, விழுப்புரத்தை அடுத்தே உள்ளது. புதிய தொகுதி வெளியிடும் கவிஞர் முதற்படியைக் கொண்டுசென்று வைப்பதற்கு அதனினும் தக்க இடம் அரிது.

அடுத்தது எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இவ்வூரில் இயங்கிய கல்லூரியைப் பற்றிக் கூறுகிறது. இளநிலை மாணாக்கர் 270 பேர். முதுநிலை மாணாக்கர் 70 பேர். ஆக 340 பேர். அவர்களுக்கு ஆசிரியர்களும் இருந்தனர். வேதங்களும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் கற்பிக்கப்பெற்றன. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், ஒருவர்க்கு நாள்தோறும் எத்தனை நாழி நெல் என்பதெல்லாம் கல்லில் கணக்காக உள்ளன. கோயிலில் திருவாய்மொழி ஓதுவார்க்கும் வகை செய்யப்பட்டுள்ளது. இவ்வறக்கட்டளைக்கு விடப்பட்ட நிலம் 45 வேலி.

இக்கணக்கைப் படித்து வியப்பது எளிது. வியப்போடு நின்றுவிடாமல் ஒரு வினாவையும் எழுப்புதல் நேர்மை. 45 வேலியில் ஏர் பூட்டியவர் யாவர்? நாற்று நட்ட பெண்டிர் யாவர்? அவர்தம் பிள்ளைகளுள் எவரேனும் அக்கல்லூரியின் வாயிலை மிதித்தனரா? கல்வெட்டு மாணாக்கரை எண்ணியது, உழவரை எண்ணவில்லை. சின்னங்களைப் போற்றுவது என்பது அவை சொன்னதைத் திருப்பிச் சொல்வதோடு முடிவதில்லை. சொல்லாமல் விட்டதையும் கேட்கவேண்டும். கல்வெட்டாய்வாளர் கேட்கத் தயங்கும் இடத்திலும் கவிஞர் கேட்கலாம்.

குகையும் குன்றும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அது. இரு புறமும் வாயிற்காவலர் நிற்க, உள்ளே மூன்று கருவறைகள் வெறுமையாக உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இதனை ஆக்குவித்தான் என்னும் பொருள்பட வடமொழிக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. பல்லவர் குகைக்கோயில்களுள் இதுவே முதலாவது என்று அறிஞர் பலர் கருதுவர். மரத்தாலும் மண்ணாலும் கட்டிய கோயில்கள் அழிந்துபோவதைக் கண்டு சலித்த மன்னனின் பெருமிதம் அச்சிறு கல்வெட்டில் ஒலிக்கிறது. மூன்று தெய்வங்களும் இன்று அங்கே இல்லை. மன்னனின் சொல் நிற்கிறது.

அதற்கு அணித்தே தளவானூர். சத்துருமல்லேசுவரம் எனப்பெற்ற அக்குகைக்கோயிலில் வடமொழிச் செய்யுளோடு தமிழ்ச் செய்யுள் ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தமிழ்ச் செய்யுளின் இறுதியில் அதனை யாத்தவர் பெயரும் காணப்படுகிறது. சிவதாசன் என்பது அப்பெயர். குகையைக் குடைந்த கல்தச்சர் ஒருவர் பெயரும் தெரியவில்லை. பாட்டெழுதியவர் பெயர் கல்லோடு நிலைத்தது. எழுத்துக்கு வாய்த்த இந்நற்பேறு ஒரு கடனையும் உடன் கொண்டுவருகிறது. பெயர் பொறிக்கப்படாத கைகளை நினைவூட்டுவது எழுத்தின் கடன்.

இதே திசையில் உள்ள பனைமலையில், ஏரிக்கரைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. அங்குள்ள சிற்றாலயம் ஒன்றில், மணிமுடி தரித்து, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, குடை நிழலில் இறைவனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம் உள்ளது. புதுச்சேரியில் பேராசிரியராக விளங்கிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இவ்வோவிய எச்சத்தை உலகறியச் செய்தார். ஆடிய இறைவன் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. காணும் அம்மை மட்டும் இன்றும் கண்ணிமையாது நோக்கிக்கொண்டிருக்கிறாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையுடைய அவ்வண்ணத்தின் மேல் கை படுவதும் கூடாது என்பதைக் காண வருவோர்க்கு ஒருவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று உள்ளது. ஒற்றைப் பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளனர். அப்பாறைக்கு அயலே உள்ளது ஒரு பழங்கல்வெட்டு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாக மதிக்கப்படும் அது, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் இது என்று மட்டும் சொல்கிறது. முப்பது நாள் நோன்பிருந்து மறைந்த இளையபட்டாரர் என்பவரைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டும் இங்கு உண்டு.

சந்திரநந்தியைப் பற்றிய கல்வெட்டில் மெய்க்கீர்த்தி இல்லை, அரசன் பெயர் இல்லை, அடைமொழி இல்லை. ஓர் எண், ஒரு செயல், ஒரு பெயர், ஓர் இடம் ஆகிய நான்கே உள்ளன. புகழ்மொழி ஒன்றும் இல்லாத அவ்வொற்றைத் தொடரைப் படிப்பவர் ஐம்பத்தேழு என்னும் எண்ணில் நின்றுவிடுகிறார். ஒவ்வொரு நாளாக அவர் மனம் எண்ணத் தொடங்குகிறது. சொற்சிக்கனத்தைப் பயில விரும்பும் கவிஞர் அக்குன்றில் ஒரு பொழுது இருந்து வருதல் நலம்.

சமணம் இவ்வட்டாரத்தில் கல்லில் மட்டும் எஞ்சியதன்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைக் கொண்ட மலைநாதர் கோயிலும் அங்கே உள்ளன. சிந்தாமணியையும் நன்னூலையும் தமிழுக்குத் தந்த சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இன்றும் இச்சிற்றூர்களில் உழவு செய்து வாழ்கின்றன. இலக்கிய மன்றத்தார் அவர்களைச் சந்தித்து உரையாடுவதற்குப் பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவு இல்லை.

செஞ்சி யாருடையது?

செஞ்சிக் கோட்டையைப் பற்றி இவ்வவைக்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 சூலை மாதத்தில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தலைப்பில் அடங்கிய பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. 1677இல் சிவாசி கைப்பற்றிய கோட்டை அது. அவர் மகன் இராசாராம் தங்கியிருந்த காலத்தில் முகலாயப் படையின் நெடிய முற்றுகையைத் தாங்கி, 1698இல் வீழ்ந்தது.

இச்சிறப்பு மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அக்கோட்டை ஒரு மரபினர்க்கு மட்டும் உரியதன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்த மதில்களுக்குள் நாயக்கர் காலக் களஞ்சியமும் கல்யாண மகாலும் வேங்கடரமணர் கோயிலும் உள்ளன. சாதத்துல்லா கான் பெயரால் அமைந்த பள்ளிவாசலும் உள்ளது. பீசப்பூர்ச் சுல்தான்களும் முகலாயரும் ஆற்காட்டு நவாபும் ஆண்டனர். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை என்பர். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எசு. சீனிவாசாச்சாரியாரின் ஆங்கில நூல் இவ்வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

மக்கள் நாவிலோ அது தேசிங்கு ராசன் கோட்டை. தேசிங்கு புந்தேல இராசபுத்திரர், தமிழர் அல்லர். அவர் ஆட்சியும் நெடியதன்று. 1714இல் நவாபின் படையோடு பொருது இளமையிலேயே மாண்டார். ஆயினும் ஊர் பேர் தெரியாத நாட்டுப்புறப் பாவலர்கள் அவர் கதையைப் பாடினர். நீலவேணிக் குதிரையும், மணக்கோலத்தில் இருந்தும் நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த முகமதியத் தோழனும் அக்கதையால் ஊர்தோறும் வாழ்ந்தனர். தோற்ற ஒருவனை, வேற்றுமொழி பேசிய ஒருவனை, வேறு சமயத்துத் தோழனோடு சேர்த்துத் தமதாக்கிக்கொண்ட பரந்த உள்ளம் இம்மண்ணினுடையது. உலகப் பட்டியலில் கோட்டையின் மதில்கள் இடம்பெற்றன. இவ்வுள்ளத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூர் எழுத்தாளர்க்கே உரியது.

கிடங்கிலும் கல்மரமும்

வழி திண்டிவனத்தில் முடிகிறது. திந்திரிணி என்பது புளிய மரத்தைக் குறிக்கும் வடசொல். புளியங்காடாக இருந்தமையால் திண்டிவனம் என்றாயிற்று என்பர். திந்திரிணீசுவரர் கோயில் அப்பெயரைக் காத்து நிற்கிறது. கிடங்கு என்னும் பழஞ்சொல்லுக்கு அகழி என்பது பொருள். அகழி சூழ்ந்த கோட்டையூர் கிடங்கில் ஆயிற்று. இன்று கிடங்கு என்றால் சரக்கு அடுக்கும் இடமென்றே மக்கள் கொள்வர். சொல்லின் பொருள் மாறியதைப் போலவே ஊரின் நிலையும் மாறிற்று. நல்லியக்கோடன் கோட்டை இருந்ததாகக் கருதப்படும் பகுதி இப்போது நகரின் தெருக்களுள் ஒன்றாகக் கலந்துவிட்டது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டிய பெருமுக்கல் குன்றில் சோழர் காலக் கோயில் உண்டு. குகையில் அதற்கும் பன்னெடுங்காலம் முற்பட்ட பாறைக் கீறல்கள் உண்டு. தெற்கே திருவக்கரையில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் வந்து மணலில் புதைந்து கல்லாகிவிட்ட மரங்கள் கிடக்கின்றன. 1781இல் சொன்னரா என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்கா. எயிற்பட்டினக் கரையில் ஒதுங்கிய மரம் ஒருநாள் அடுப்பில் எரிந்து போயிற்று. திருவக்கரையில் ஒதுங்கிய மரம் கல்லாகி நின்றது. இரண்டும் வெள்ளம் கொணர்ந்தவையே. எரிந்த மரத்தைக் காத்து வைத்திருப்பது நத்தத்தனாரின் பாட்டு.

மன்றத்தின் கடமை

மைய அரசு காக்கும் சின்னங்களுக்குச் சட்டத்தின் அரண் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே எழுப்ப வேண்டும். பட்டியலில் ஏறாத சின்னங்களுக்கு அவ்வரண் இல்லை. ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லுக்கும், வயல்வரப்பில் தலையின்றி நிற்கும் தீர்த்தங்கரர்க்கும், குன்றின் அடியில் மங்கிவரும் செந்நிற ஓவியத்துக்கும் காவலர் ஊர் மக்களே. கருங்கல்லுக்கு விலை உள்ள நாட்டில் குன்றுகள் நெடுநாள் குன்றுகளாக நிற்பதில்லை. ஊரார்க்குத் தெரியாத சின்னம் உடைபடும்போது முறையிடவும் ஆள் இராது.

எனவே இம்மன்றம் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு அணித்தான ஒரு சிற்றூரைத் தெரிவு செய்து, நேரில் சென்று, அங்குள்ள சின்னத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுதல் அப்பணி. ஊரின் பெயர், செல்லும் வழி, சின்னம் நிற்கும் திசை, இன்றைய நிலை, ஊரார் அதனை அழைக்கும் பெயர், அதைப் பற்றி வழங்கும் கதை ஆகியவை அப்பக்கத்தில் இருந்தால் போதும். கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டதென்றே பிரித்தும் எழுதுதல் வேண்டும். புகழுரை வேண்டுவதில்லை. சந்திரநந்தியின் நினைவுத் தொடர் அதற்கு இலக்கணம். ஆண்டுக்கு முப்பது பக்கம் சேர்ந்தாலும், இருபதாம் ஆண்டு விழாவில் முந்நூறு பக்க நூல் ஒன்று மன்றத்தின் கையில் இருக்கும். பள்ளி ஆசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் முறையிடச் செல்லும் ஊரார்க்கும் அது பயன்படும்.

இதனால் கவிதை குறைந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டகம் உறங்குவதுபோல் கிடந்த மரக்கட்டை, கடற்கரைக்குச் சென்ற புலவர்க்கே கிடைத்தது. பார்வையற்றவர் தோளும் நடவாதவர் கண்ணும் சேர்ந்து ஊர்களைப் பாடிய நிலம் இது. ஆய்வாளரும் கவிஞரும் அவ்வாறே ஒருவர்க்கொருவர் துணையாதல் கூடும். கல்லின் காலத்தைக் கணிப்பவர் ஒருவர்; அதன் முன் மக்களைக் கொண்டுவந்து நிறுத்துபவர் மற்றவர்.

பரிசில் பெற்ற பாணன் அதனைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்துக்கொள்ளவில்லை. எதிர்வந்தவனுக்கு வழி சொன்னான். மண்டகப்பட்டையும் மாதையையும் கிடங்கிலையும் அறிந்தவர்கள் அறியாதவர்க்கு வழி சொல்லக் கடமைப்பட்டவர்கள். அப்பணியை இம்மன்றம் ஏற்குமாயின், அடுத்த பத்தாண்டில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இறங்குவோர் தொகை சற்றேனும் கூடும். தம் ஊரின் கரை எதுவென்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளின் தொகை அதனினும் கூடும்.

மன்றம் வளர்க! தமிழ் வெல்க!